பெயருக்கு முப்பத்திரண்டு இடம்

என் மாமனாரிடம் எதைக் கொண்டுபோனாலும் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். நடந்ததா?

குளியலறைத் தரை வழுக்குகிறது, பார்த்துப் போங்கள் என்றால், "யாராவது விழுந்தாங்களா?" என்பார். பால் திரிந்துவிடும் போலிருக்கிறது என்றால், "திரிஞ்சிடுச்சா?" என்பார். பால் விஷயத்தில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம், போனால் போகிறது. ஆனால் மனிதர் கையில் ஒரு டிரைவர் இருக்கிறதே, அங்கேதான் வினை.

டிரைவர் என்றதும் வண்டி ஓட்டுகிறவரை நினைக்க வேண்டாம். கணினிக்குள் இருக்கும் ஒவ்வொரு சிப்போடும் பேசுவதற்கு இயங்குதளத்துக்கு ஒரு துபாஷி வேண்டும். அந்த நிரலுக்குத்தான் டிரைவர் என்று பெயர். வேலையில் இருந்த காலத்தில் மாமா ஒரு வயர்லெஸ் சிப்புக்கு டிரைவர் எழுதினார். ஓய்வு பெற்ற பிறகும் அதை அவரே பராமரிக்கிறார். உலகத்தில் யார் அதில் ஒரு வரியை மாற்ற நினைத்தாலும் அவருக்கு எழுத வேண்டும், அவர் தலையாட்டினால்தான் மேலே போகும். சிப் அவ்வளவு சின்னது என்பதால் அவர் வைத்த செல்லப்பெயர் கட்டெறும்பு. அந்தக் கட்டெறும்பு இன்று எங்கெங்கோ ஊர்ந்துவிட்டது. கதவுப் பூட்டுகளில், எடை பார்க்கும் கருவிகளில், என் தம்பியின் மூச்சு இயந்திரத்தில்.

திருத்தம் அனுப்புகிறவர்களுக்கு மாமா எழுதும் பதில் ஒரே சொல். நடந்ததா? ஆமாம், நடந்தது என்று எழுதினால் அடுத்த கேள்வி வரும். ஒருத்தருக்கு மட்டுமா? இந்த இரண்டையும் தாண்டிப் போனவர்கள் குறைவு. "நடக்கலாம், நடக்கலாம்னு வர்றவன் போறவன் சொல்றதையெல்லாம் சேர்த்துக்கிட்டே போனா அது டிரைவர் இல்லம்மா, குப்பைத்தொட்டி" என்பது அவர் கட்சி. அவருடைய முதுகுக்குப் பின்னால் அந்த வட்டாரத்தில் அவருக்கு 'நடந்ததா' என்றே பெயராகிவிட்டது. அதை அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. இருந்திருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன்.

என் பிழைப்பு இதற்கு நேர்மாறானது. அடுத்தவர் எழுதிய நிரலில் ஓட்டை தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். நடக்காததைப் பற்றிக் கவலைப்படுவதே என் வேலை. இப்படிப்பட்ட இரண்டு பேர் ஒரே வீட்டில் ஒரே மேசையில் சாப்பிடுகிறோம்.

தம்பிக்குத் தசைகள் சோர்ந்துகொண்டே போகும் நோய். உட்கார்ந்திருக்கும்போது சமாளித்துக்கொள்வான். படுத்தால் முடியாது, மார்புத் தசைக்கு அந்த வலு இல்லை. முகத்தில் மாட்டும் மூடியும் ஒரு குழாயும் அதன் மறுமுனையில் பால் கேன் அளவுக்கு ஒரு இயந்திரமும்தான் அவனைத் தூங்க வைக்கின்றன. அது புதிதாக வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். சுவிட்சைப் போட்டதும் திரையில் வரிகள் ஓடின. அதில் ஒரு வரியில் கட்டெறும்பு என்று பார்த்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. "டேய், எங்க மாமாவோட டிரைவர்டா!" என்றேன். தம்பி, "அப்ப என் மூச்சு உன் மாமனார் கையிலயா? விளங்கிடும்" என்றான்.

அவன் விளையாட்டாகச் சொன்னது எனக்கு உறுத்தியது. மறுநாளே அந்த டிரைவரை எடுத்து வரி வரியாகப் படித்தேன்.

ஒவ்வொரு வயர்லெஸ் பெட்டியும் சும்மா இருக்காது. 'நான் இங்கே இருக்கிறேன், என் பெயரின் நீளம் இவ்வளவு, என் பெயர் இது' என்று சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் கூவிக்கொண்டே இருக்கும். நம் போனில் வயர்லெஸ் பட்டியலைத் திறந்தால் அக்கம்பக்கத்துப் பெயரெல்லாம் தெரிகிறதே, அது இப்படித்தான். பெயர் முப்பத்திரண்டு இடத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. மாமாவும் சரியாக முப்பத்திரண்டு இடம் ஒதுக்கியிருந்தார். ஆனால் வருகிற பெயர் உண்மையிலேயே அதற்குள் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. பெட்டி 'என் பெயர் நூறு நீளம்' என்றால் கட்டெறும்பு நம்பிவிடும். நூறையும் அள்ளி முப்பத்திரண்டு இடத்தில் கொட்டும். மீதி வழிந்து பக்கத்தில் இருப்பதை அழிக்கும், இயந்திரம் அப்படியே உறைந்துபோகும். எதை வழிய விடுவது என்று தெரிந்த கில்லாடி ஒருவன் இருந்தால் இயந்திரமே அவன் கைக்குப் போய்விடும். கடவுச்சொல் வேண்டாம், வீட்டுக்குள் வர வேண்டாம், பக்கத்துத் தெருவில் நின்றால் போதும்.

அந்த இடத்துக்கு மேலே மாமா தன் கையால் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். 'இப்படி வராது.'

திருத்தம் இரண்டே வரி. நீளத்தைப் பார், அதிகமாக இருந்தால் தூக்கிப் போடு. இதை ஊரறியச் சொல்ல முடியாது, சொன்னால் திருத்தத்துக்கு முன்னால் திருடன் வந்துவிடுவான். பராமரிப்பவரிடம் ரகசியமாகச் சொல்வதுதான் முறை. பராமரிப்பவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தட்டில் இருந்ததைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"மாமா, கட்டெறும்புல ஒரு ஓட்டை இருக்கு."

கவனமாகக் கேட்டார், அதைச் சொல்ல வேண்டும். கடைசியில், "நடந்ததா?" என்றார்.

"நடக்கிறதுக்கு முன்னாடி அடைக்கத்தானே சொல்றேன்."

"முப்பத்திரண்டுக்கு மேல பேர் வைக்க எந்தப் பெட்டியும் விடாதும்மா. விதியே அப்படி."

"விதிய மதிக்கிறவன் ஏன் மாமா திருட வர்றான்?"

"எவன் வருவான்? இந்தக் கிழட்டுச் சிப்பைத் தேடிக்கிட்டு, உன் தம்பி வீட்டு வாசல்ல வந்து நின்னு, நீளமா பேர் வைப்பானா? வேற வேலை இல்லையா அவனுக்கு?"

அறையிலிருந்து என் மடிக்கணினியை எடுத்து வந்து, பொய்ப் பெயர் ஒன்றைக் கூவ விட்டு, அவர் மேசையில் இருந்த, கட்டெறும்பு பொருத்திய சோதனைப் பலகையை அவர் கண்ணெதிரிலேயே உறைய வைத்தேன். அசைந்துகொடுப்பார் என்று நினைத்தேன். "இது நடந்தது இல்ல. நீ நடத்தினது" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். சுவரோடு பேசினால்கூடச் சுவர் எதிர்வாதம் செய்யாது.

மூச்சு இயந்திரம் செய்கிற நிறுவனத்துக்கும் எழுதினேன். 'அந்த டிரைவர் வெளியிலிருந்து வருவது. அங்கே திருத்தம் வந்தால் நாங்களும் எடுத்துக்கொள்வோம்' என்று பதில் வந்தது. வயர்லெஸையாவது அணைத்து வைக்கலாமா என்று கேட்டதற்கு, அளவுகள் கிளினிக்குக்கு வர வேண்டும், அணைக்கும் வசதி பயனருக்குக் கிடையாது என்றார்கள். ஆக, அவர்கள் மாமாவுக்காகக் காத்திருந்தார்கள். மாமா அது நடப்பதற்காகக் காத்திருந்தார். நடுவில் என் தம்பி மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

என் கணவரிடம் முட்டிக்கொண்டால் அவர் கையைப் பிசைவார். "அப்பாவைத் தாண்டி மேல போயிடாத. அவருக்கு இருக்கிறது அது ஒண்ணுதான்" என்பார். எனக்கும் இருப்பது தம்பி ஒருவன்தான் என்றதும் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார். தாண்டித்தான் ஆக வேண்டும், இயங்குதளத்தையே பார்த்துக்கொள்ளும் மேலிடத்துக்கு எழுதப்போகிறேன் என்று மாமாவிடமே சொன்னேன். "எழுதும்மா, தாராளமா எழுது. அவங்களும் என்னைத்தான் கேப்பாங்க" என்றார். அது உண்மை. அதனால்தான் எனக்கு அப்படிப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கடிதத்தை அலுவலகத்தில் பாதி எழுதிக்கொண்டிருந்த மத்தியானம் தம்பி மனைவியிடமிருந்து போன் வந்தது.

"அண்ணி, மெஷின் நின்னு நின்னு போகுது. அவரு தூங்கிட்டிருந்தாரு. சமையலறையில இருந்தேன், அந்த உஸ்ஸுன்னு சத்தம் வரும்ல, அது நின்னுபோச்சு. ஓடி வந்து பார்த்தா உதடு ஒரு மாதிரியா..."

"இப்ப எப்படி இருக்கான்?"

"தூக்கி உக்கார வெச்சிருக்கேன். பேசறாரு. ஆனா ரொம்ப நேரம் தாங்காது அண்ணி."

"அலாரம் அடிக்கலையா?"

"அடிக்கவே இல்ல!"

மூச்சு கொடுப்பது, அலாரம் அடிப்பது, கிளினிக்குக்குக் கணக்கு அனுப்புவது எல்லாவற்றையும் ஒரே கணினியிடம் ஒப்படைத்த மகானுபாவர் யாரோ, அவர் என் கையில் கிடைக்க வேண்டும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொல்லிவிட்டு ஓடினேன்.

நான் போனபோது தம்பி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கழுத்து நரம்புகள் புடைக்க, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பது போல இழுத்துக்கொண்டிருந்தான். மேசைமேல் ஸ்பீக்கரில் இருந்த நிறுவனத்து ஆள், "மேடம், ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

"பண்ணிட்டேன்! அதைத்தான் பண்ணிக்கிட்டே இருக்கேன்!" என்று தம்பி மனைவி கத்தினாள்.

மறுபடி போட்டாள். காற்று உஸ்ஸென்று வந்தது. தம்பி முகமூடியை அழுத்திப் பிடித்து நான்கைந்து மூச்சு ஆசையாக இழுத்தான். திரையில் வரிகள் ஓடின. கட்டெறும்பு விழித்தது. உறைந்தது. காற்று நின்றது.

எனக்குச் சட்டென்று உறைத்தது. போனை எடுத்து வயர்லெஸ் பட்டியலைத் திறந்தேன். அக்கம்பக்கத்தின் வழக்கமான பெயர்களுக்கு மேலே புதிதாக ஒன்று, சுத்தத் தமிழில் நின்றுகொண்டிருந்தது.

மாடிக்காரரே நாற்காலி இழுக்காதீர்

"இது யாரு?"

தம்பி மனைவி எட்டிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது. "இது நமக்குத்தான் அண்ணி. கீழ்வீட்டுக்காரர். அச்சகத்துல பிழை திருத்துறவரு, ராத்திரி வேலை, பகல்ல தூங்குவாரு. நாற்காலி சத்தம் கேக்குதுன்னு படிக்கட்டுல பார்க்கும்போதெல்லாம் சொல்லுவாரு. இவர் பக்கத்துல போய் உக்காரும்போதெல்லாம் இழுக்கத்தானே வேண்டியிருக்கு..."

கணினிக்கு ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஓர் இடம் போதும். நம் எழுத்து அப்படியில்லை. 'மா' என்றால் ம தனி, கால் தனி. 'க்' என்றால் க தனி, புள்ளி தனி. அப்படிப் பிரித்த ஒவ்வொன்றும் மூன்று இடம் பிடிக்கும், சொல்லுக்கு நடுவே விடும் வெற்றிடத்துக்கு மட்டும் ஓர் இடம். விரல் விட்டு எண்ணினேன். கால், கொம்பு, புள்ளி, நடுவே இரண்டு வெற்றிடம் எல்லாம் சேர்த்து மிகச் சரியாக முப்பத்திரண்டு. எந்தப் புண்ணியவானோ செய்த அந்த மலிவுப் பெட்டி, எழுத்தை எண்ணி அனுமதித்துவிட்டது, இடத்தை எண்ணவில்லை. முப்பத்திரண்டு இடத்தில் தொண்ணூற்றிரண்டு வந்து விழுந்துகொண்டிருந்தது. திருடனும் இல்லை, கில்லாடியும் இல்லை. ஒரு மனிதர் மரியாதையாகப் புகார் சொல்லியிருந்தார், அவ்வளவுதான்.

கீழே ஓடிப்போய் அழைப்பு மணியை அழுத்தினேன். கதவை இடித்தேன். உதைத்தேன். உள்ளே சலனமே இல்லை.

மேலேயிருந்து தம்பி மனைவி எட்டிப் பார்த்துச் சொன்னாள். "அவருக்குக் கேக்காது அண்ணி! நம்ம சத்தம் தாங்காம காதுல பஞ்சு வெச்சுக்கிட்டுத்தான் தூங்கறேன்னு சொன்னாரு!"

"பஞ்சு வெச்சும் நாற்காலிச் சத்தம் மட்டும் எப்படிக் கேக்குதாம்?"

"அது தரை வழியா வருதாம், கட்டிலே அதிருதாம்."

நாங்கள் இரண்டு பேரும் ஒரு கணம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அடுத்த கணம் நான் மாடியில் இருந்தேன்.

அந்த வீட்டில் இருந்த நாற்காலியெல்லாம் அன்று பட்ட பாடு கொஞ்சமில்லை. நான் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு இழுத்தேன், அவள் அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவருக்கு இழுத்தாள். தரை அலறியது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. மாமா மேல், கீழ்வீட்டுக்காரர் மேல், ஸ்பீக்கரில் "மேடம், அங்க என்ன சத்தம்?" என்று கேட்ட ஆள் மேல், எல்லார் மேலும் இருந்த ஆத்திரத்தை அந்த நாற்காலிக் காலில் காட்டினேன். நடுவில் உட்கார்ந்திருந்த தம்பி, மூச்சு இருந்தால் சிரித்திருப்பான். தோள் குலுங்கியது.

படிக்கட்டில் தடதடவென்று சத்தம். திறந்திருந்த வாசலில் கீழ்வீட்டுக்காரர் வந்து நின்றார். ஒரு காதில் பஞ்சு, லுங்கி ஏறுமாறாக, கண்கள் கோவைப்பழமாக.

"உங்களுக்கெல்லாம் மனுஷத்தன்மையே கிடையா..." என்று ஆரம்பித்தவர் தம்பியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"உங்க வயர்லெஸ் பெட்டியப் பிடுங்குங்க! அதோட பேருதான் இந்த மெஷினை நிறுத்துது!"

இதைக் கேட்டு எந்த மனிதனும் நம்புவானா? விளக்கம் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அவர் கேட்கவில்லை. தம்பியின் உதட்டைப் பார்த்தார், திரும்பி ஓடினார். கீழே ஏதோ விழுந்து உடையும் சத்தம் கேட்டது. என் போனில் அந்தப் பெயர் மறைந்தது.

சுவிட்சைப் போட்டேன். காற்று வந்தது. வரிகள் ஓடின. கட்டெறும்பு விழித்தது, சுற்றிப் பார்த்தது, தன் வேலையைப் பார்த்தது. காற்று நிற்கவில்லை. தம்பி கண்ணை மூடி இழுத்தான், விட்டான், இழுத்தான். அவன் மனைவி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் நாடி பார்த்து, அளவு பார்த்து, இப்போதைக்குப் பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பிறகு மாமாவுக்குப் போன் செய்தேன். "நடந்துடுச்சு மாமா" என்று மட்டும் சொல்லி வைத்தேன். வேறு ஏதாவது சொல்லியிருந்தால் வாய் தவறியிருக்கும்.

ஆட்டோ பிடித்து வந்தார். வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. தம்பியைப் பார்த்தார், ஏதோ கேட்க வாயெடுத்தார், கேட்கவில்லை. கீழ்வீட்டுக்காரரும் சட்டை மாட்டிக்கொண்டு வந்து வாசல் பக்கம் நின்றார்.

"முப்பத்திரண்டுக்கு மேல வந்திருக்கக் கூடாது" என்றார் மாமா. "அந்தப் பெட்டி செஞ்சவன் விதியப் படிக்கல."

இத்தனைக்குப் பிறகும்! எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் கீழ்வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"மேல எங்க வந்துச்சு சார்? முப்பத்திரண்டு எழுத்துன்னு போட்டிருந்தது, முப்பத்திரண்டுதான் போட்டேன். முதல்ல 'நாற்காலியை இழுக்காதீர்கள்'னுதான் அடிச்சேன், கொள்ளல. 'ஐ'யை எடுத்தேன், 'கள்'ளை எடுத்தேன். இலக்கணத்துலயும் மரியாதையிலயும் கைய வெச்சுத்தான் உள்ள அடக்கினேன். இன்னும் என்னத்தைக் குறைக்கச் சொல்றீங்க?"

மாமா இயந்திரத்தின் பக்கம் திரும்பினார். "நான் ஒரு தடவை பார்க்கணும்" என்றார்.

"மாமா!"

"பார்க்கட்டும்க்கா" என்றான் தம்பி முகமூடிக்குள்ளிருந்து. "இப்ப தெம்பாத்தான் இருக்கேன். கொஞ்ச நேரம் கழட்டி வைக்கிறேன். அவர் பார்த்தாத்தான் நடந்ததா ஆகும்."

அவனை நிமிர்த்தி உட்கார வைத்து, முகமூடியைக் கழற்றி, நான் அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். கீழ்வீட்டுக்காரர் போய்ப் பெட்டியைப் போட்டார். மாமா இயந்திரத்தின் முன்னால் குனிந்து நின்றார். காற்று நின்றது. பச்சை விளக்கு எரிந்தபடியே இருந்தது. மாமா காதை அதன் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக் கேட்டார்.

"அலாரம்?" என்றார்.

"அதுவும் அதே கம்ப்யூட்டர்தான் மாமா."

மாமா நிமிரவில்லை. அப்படியே குனிந்திருந்தார். எனக்கு அவர் முகம் தெரியவில்லை. பார்க்கவும் பிடிக்கவில்லை.

பெட்டியை அணைக்கச் சொல்லி, இயந்திரத்தை மறுபடி போட்டு, தம்பிக்கு முகமூடியை மாட்டிய பிறகு, சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தார். என் இரண்டு வரியை மாற்றாமல் எடுத்துக்கொண்டார். 'இப்படி வராது' என்ற குறிப்பை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். மொத்தமாக அழிக்கத் தெரியாதவர் இல்லை. இந்தத் திருத்தம் எதற்கு என்று விளக்கம் எழுத வேண்டிய இடத்தில் அவருடைய வழக்கம் ஒரு பத்தி. அன்று ஒரே சொல்தான் எழுதினார். 'நடந்தது.' அனுப்பினார்.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். எங்கே முடிகிறது?

ஓட்டையை அடைத்த திருத்தம் ஊருக்கே தெரியும்படி வெளியானால், ஓட்டை எங்கே இருந்தது என்பதும் ஊருக்கே தெரிந்துபோகும். புதுத் திருத்தத்தை எடுத்துக்கொண்ட இயந்திரங்கள் பிழைத்தன. எடுத்துக்கொள்ளாதவை முன்பைவிட மோசமான நிலையில் நின்றன. தம்பியின் இயந்திரத்துக்குத் திருத்தத்தை அதன் நிறுவனம்தான் அனுப்ப வேண்டும். நான் எழுதியதற்கு, 'அடுத்த பதிப்பில் பரிசீலிக்கப்படும்' என்று பதில் வந்தது. எப்போது அடுத்த பதிப்பு? அதுவும் பரிசீலிக்கப்படுமாம். மாற்று இயந்திரத்துக்குக் கேட்டோம், வேறு மாடல் கைவசம் இல்லை என்றார்கள்.

கீழ்வீட்டுக்காரர் தன் பெட்டிக்குக் 'கீழ்வீடு' என்று பெயரை மாற்றிவிட்டார். நாங்கள் நாற்காலியை இழுப்பதில்லை, தூக்கித்தான் வைக்கிறோம். அவர் எங்களிடம் கேட்கவில்லை, நாங்களாகவே செய்தோம். ஆனால் பக்கத்துக் கட்டடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், நாளைக்கு எவருக்கு யார் மேல் எவ்வளவு நீளத்துக்குக் கோபம் வரும் என்று யார் கண்டது? தம்பி மனைவி வேலை செய்துகொண்டே அந்த உஸ்ஸுக்குக் காது கொடுத்தபடி இருக்கிறாள். தலைக்குக் குளிப்பதைக்கூடத் தள்ளிப்போடுகிறாள்.

"நான் பேசறேன். அந்த டிரைவரை எழுதினவனே பேசறேன்னா கேப்பாங்க" என்று மாமா தம்பி வீட்டுக்கு வந்தார். ஸ்பீக்கரில் போட்டு மேசையருகே நின்றபடியே பேசினார். பொறுமையாக, ஒவ்வொன்றாக, கட்டெறும்பின் பிறப்பிலிருந்து விளக்கினார். எதிர்முனையில் இருந்த பெண்ணும் பொறுமையாகத்தான் கேட்டாள். கடைசியில் கேட்டாள்.

"புரியுது சார். இது உண்மையிலேயே நடந்ததா சார், இல்ல நடக்கலாம்னு சொல்றீங்களா?"

நான் அடுப்படி வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். தம்பி கட்டிலில் படுத்தபடி முகமூடிக்கு மேலே புருவத்தை உயர்த்தினான். மாமா எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. அவர் கழுத்து சிவந்தது.

"நடந்ததும்மா" என்றார். "என் கண்ணால பார்த்தேன். எங்க வீட்டுப் பிள்ளைக்கு நடந்தது."

இதுவரை அவன் அவருக்கு 'உன் தம்பி'தான்.

மறுமுனையில் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. அவள் தன் வேலையைத்தான் செய்தாள், அவள் மேல் குற்றமில்லை.

"சரிங்க சார், பதிவு பண்ணிட்டேன். ஒருத்தருக்கு மட்டும்தானே சார்?"

எத்தனை நாள் இந்த மனிதருக்கு இப்படி ஒன்று நடக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டியிருப்பேன்! நடந்தபோது துளியும் சந்தோஷமாக இல்லை. மாமா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னாலும் போதாது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் உலகத்தில் கிடையாது.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றார். "உங்க மேலதிகாரியக் கூப்பிடுங்க. அவர் வர்ற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன். நாளைக்கு ஆனாலும் சரி, இருக்கேன்."

காத்திருப்பு இசை ஆரம்பித்தது. நான் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், சத்தம் வராமல், அவருக்குப் பின்னால் வைத்தேன். உட்கார்ந்தார்.